போட்டி வேண்டாம், வட்டம் போதும்

கல்ச்சுரல்ஸ் வந்தா கவிதைப் போட்டிக்கு செமினார் ஹால் நிறைஞ்சுடும். அதே ஆளுங்களை அடுத்த வாரம் பார்த்து, "நீங்க கவிதை எழுதுவீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "ச்சே ச்சே, சும்மா போட்டிக்குதான்"னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. எழுதுறது நம்ம காம்பஸ்ல வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கிற நிகழ்ச்சி. மற்ற நாள்ல அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். இதை மாத்தணும்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

இப்ப ஏன் எழுதுறேன்னு சொல்லிடறேன். நம்ம காலேஜ்ல எழுத்து வட்டம்னு ஒண்ணு இருக்கு. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது. அதை அடுத்த செமஸ்டர்ல இருந்து தமிழ் மன்றத்தோட சேர்த்துடலாம்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. காரணம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு கிளப்பும் வருஷக் கடைசியில அறிக்கை கொடுக்கணும். எத்தனை நிகழ்ச்சி நடத்தினீங்க, எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க, யார் சிறப்பு விருந்தினர், போட்டோ எங்கே, சான்றிதழ் எத்தனை? எழுத்து வட்டத்துக்கிட்ட இதுல எதுவும் கிடையாது. இருக்கிறது ஒரு லாங் சைஸ் நோட்டு. அது முடிஞ்சு ரெண்டாவது நோட்டு பாதி வந்திருக்கு. அவ்வளவுதான்.

தமிழ் மன்றத்தோட எனக்கு எந்தச் சண்டையும் இல்லைங்க. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் அவங்க நடத்துற அளவுக்கு வேற யாராலயும் நடத்த முடியாது. ஆயிரம் பேரை ஒரு மைதானத்துல கூட்டி, மைக் ஃபீட்பேக் இல்லாம ஒரு நிகழ்ச்சியை முடிக்கிறது சாதாரண வேலை இல்லை. ஆனா விழா நடத்துறது ஒரு வேலை, எழுதக் கத்துக்கிறது வேற வேலை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா சின்னதுதான் காணாமப் போகும். சேர்த்த முதல் வருஷமே எழுத்து வட்டம் "கவிதைப் போட்டி ஒருங்கிணைப்புக் குழு" ஆகிடும்.

முதல்ல வட்டத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன். வியாழக்கிழமை சாயங்காலம், முதல் ட்ரிப் பஸ் கிளம்பினதுக்கு அப்புறம் கூடுவோம். ரெண்டாவது ட்ரிப் வரைக்கும் டே ஸ்காலர்ஸுக்கு ஒண்ணேகால் மணி நேரம் கிடைக்கும். ஆறு பேரும் வருவோம், பத்துப் பேரும் வருவோம், இன்டர்னல்ஸ் நேரத்துல மூணு பேர்தான் இருப்போம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூணு பேர் தங்களோட எழுத்தைப் படிக்கலாம். ரெண்டு பக்கத்துக்கு மேல கூடாது. வாய்விட்டுத்தான் படிக்கணும். வாட்ஸ்அப்ல அனுப்பி "பார்த்துச் சொல்லு" வேலையெல்லாம் இல்லை. படிச்சு முடிச்சதும் எழுதினவங்க வாயை மூடிக்கணும். விளக்கம் சொல்லக் கூடாது. கேட்டவங்க ஒவ்வொருத்தரும் முதல்ல தங்களுக்கு எது மனசுல நின்னுச்சுன்னு சொல்லணும். அடுத்த சுத்துல எந்த இடத்துல கவனம் போயிடுச்சுன்னு சொல்லணும். "சூப்பர்", "செம", "மொக்கை" மூணும் செல்லாது. எல்லாம் முடிஞ்சதும்தான் எழுதினவங்க பேசலாம். முக்கியமான விதி கடைசி விதி: அதே எழுத்தைத் திருத்தி இன்னொரு வியாழக்கிழமை கொண்டு வரணும்.

சி.எஸ்.ஈ., ஐ.டி. ஆளுங்களுக்கு இது புதுசு இல்லை. நீங்க ஒரு கோடை எழுதி நேரா புரொடக்‌ஷன்ல போட மாட்டீங்க. இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணணும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும், திருத்தணும். அதுக்கு யாரும் கோவிச்சுக்கிறது இல்லை. ஒரு கதைக்கு அதையே பண்ணினா மட்டும் "மனசைப் புண்படுத்திட்டாங்க"ன்னு ஏன் தோணணும்?

ஒரு உதாரணம் சொல்றேன். மெக்கானிக்கல் மூணாம் வருஷப் பையன் ஒருத்தர் சோமனூர் பக்கம். வீட்டுல விசைத்தறி. அப்பாவைப் பத்தி ஒரு கவிதை கொண்டு வந்தார். வியர்வை, தியாகம், ஓடாய்த் தேய்ந்த கைகள் எல்லாம் இருந்துச்சு. போட்டியில வெச்சிருந்தா நிச்சயம் பரிசு கிடைச்சிருக்கும். கேட்டுட்டு இருந்த ஒரு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "கரண்ட் போய் தறி நின்னுடுச்சுன்னா, அப்ப உங்க வீட்ல என்ன சத்தம் கேக்கும் தம்பி?" அவருக்கு உடனே பதில் வரலை. ரெண்டு வாரம் கழிச்சு அதே கவிதையை ஒண்ணரைப் பக்க உரைநடையா மாத்திக் கொண்டு வந்தார். தறி ஓடுறப்ப வீட்டுல எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்களாம். கரண்ட் போனா அந்தக் கத்தல் மட்டும் அப்படியே நிக்குமாம். அந்த அமைதியில அப்பா "சாப்பிட்டியா?"ன்னு கேக்கறது தெருவுக்கே கேக்குமாம். வியர்வையும் காணோம், தியாகமும் காணோம். ஆனா அந்த அப்பாவை நாங்க எல்லாரும் பார்த்தோம்.

அந்த ஒரு கேள்வியை எந்தப் போட்டி கேட்டிருக்கும்? போட்டி எப்படி நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த இடத்துலயே தலைப்பு கொடுப்பாங்க: அம்மா, நட்பு, மழை, விவசாயி. அரை மணி நேரம். பேப்பரை வாங்கிட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் மூணு பேர் மேடை ஏறுவாங்க. மத்தவங்களுக்கு ஏன் கிடைக்கலைன்னு யாரும் சொல்றது இல்லை. முதல் பரிசு வாங்கினவங்களுக்கு ஏன் கிடைச்சதுன்னும் யாரும் சொல்றது இல்லை. பேப்பர் கட்டு எங்கே போகுதுன்னு யாருக்கும் தெரியாது. செமஸ்டர் பேப்பருக்காவது மறுமதிப்பீடு கேக்கலாம். கவிதைப் போட்டிக்கு அதுகூட இல்லை. போட்டி நல்ல எழுத்தைக் கண்டுபிடிக்கலாம், மறுக்கலை. ஆனா ஒருத்தரையும் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நல்லா எழுத வைக்காது.

இப்ப இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கு. சாட்ஜிபிடி கிட்ட "விவசாயி பற்றி உருக்கமான கவிதை" கேட்டா பத்து நொடியில தரும். அதுலயும் வியர்வை, தியாகம், ஓடாய்த் தேய்ந்த கைகள் எல்லாம் வரும். நடுவர் மேசையில அதையும் மாணவர் எழுதினதையும் பிரிக்கிறது கஷ்டம். வட்டத்துல அந்தப் பிரச்சினை தானாவே தீர்ந்துடும். பக்கத்துல உக்காந்திருக்கிறவர் "இந்த வார்த்தையை ஏன் போட்டீங்க?"ன்னு கேப்பார். உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கணும், இல்லைன்னா ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டு அடுத்த வாரம் வரணும். இதுக்கு எந்த டிடெக்டரும் தேவையில்லை.

"ஏழு பேர் ஒரு ரூம்ல உக்காந்து படிச்சா என்ன ஆகிடப் போகுது?" இதுதான் எங்களைப் பார்த்து அதிகமா கேக்கற கேள்வி. இதுக்குப் பதில் நம்ம ஊர்லயே இருக்கு.

1970களின் தொடக்கத்தில் இதே கோயம்புத்தூரில் சில கவிஞர்கள் சேர்ந்தார்கள். புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்னிபுத்திரன் என்று பல பேர். ஆசிரியர்களும் சாதாரண வேலையில் இருந்தவர்களும்தான். 1971-ல் 'வானம்பாடி' என்ற இதழைக் கொண்டு வந்தார்கள். அதற்கு விலையே வைக்கவில்லை. புதுக்கவிதை என்பது தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் கையில் வந்து சேர்ந்ததில் அந்தச் சின்னக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் கவிதையில் மேடைச் சத்தம் அதிகம் என்று அப்போதே கடுமையான விமர்சனமும் வந்தது. குழுவுக்குள்ளேயே கருத்து மோதல்கள் இருந்தன. அந்த மோதலையும் நான் அவங்க செஞ்ச வேலையோட ஒரு பகுதியாத்தான் பார்க்கிறேன். புவியரசு, சிற்பி இருவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்கள். ஆனா அவங்க கூடினது விருதுக்காக இல்லை.

அதற்கும் முன்னால், 1959 ஜனவரியில், சி.சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை வந்தது. ந. பிச்சமூர்த்தியும், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமியும், திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற பிரமிளும் அதில் எழுதினார்கள். வாங்கியவர்கள் மிகக் குறைவு. செல்லப்பா தன் பதிப்பகப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நம்ம அறிக்கைப் படிவத்துல "பங்கேற்றோர் எண்ணிக்கை"ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை செல்லப்பா நிரப்பியிருந்தா 'எழுத்து' அந்த வருஷமே மூடப்பட்டிருக்கும்.

வாய்விட்டுப் படிக்கிறதுல என்ன இருக்குன்னு கேட்டா, கோவை ஞானியைச் சொல்வேன். பள்ளித் தமிழாசிரியரா இருந்தவர், வானம்பாடியில் ஒருவர். நீரிழிவால் கண்பார்வை போனது. அதற்குப் பிறகும் பல வருடங்கள், மற்றவர்கள் படிக்கக் கேட்டு, சொல்லிச் சொல்லி எழுத வைத்து, விமர்சனமும் இதழ்ப் பணியும் தொடர்ந்தார். 2020-ல் காலமாகும் வரை அவர் நிறுத்தவில்லை. ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் கவனமாக் கேக்கிறதுங்கிற ஒரே ஏற்பாட்டுல அத்தனை வேலை நடந்திருக்கு.

இன்னும் பக்கத்துல ஒரு உதாரணம் நாமக்கல்லில் இருக்கிறது. அங்கே பெருமாள்முருகன் தன் வீட்டு மொட்டை மாடியில் 'கூடு' என்ற பெயரில் ஒரு சந்திப்பை நடத்தி வந்தார். அவரிடம் படித்த மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து உட்கார்ந்து எழுதியதைப் படிப்பார்கள், பேசுவார்கள். அதில் ஒரு கட்டத்தில், சாதி தங்கள் வாழ்க்கையில் எப்படி நுழைந்தது என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். அது 2013-ல் 'சாதியும் நானும்' என்ற புத்தகமாக வந்தது. 32 பேர் எழுதியது. பிறகு ஆங்கிலத்திலும் போயிருக்கிறது. பெரும்பாலும் பெயர் தெரிந்த எழுத்தாளர்கள் இல்லை, நம்மை மாதிரி ஆட்கள்தான்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. "சமத்துவம்"னு தலைப்பு கொடுத்து அரை மணி நேரத்துல எழுதச் சொன்னா அந்தப் புத்தகம் வந்திருக்குமா? வந்திருக்காது. எல்லாரும் "சாதிகள் இல்லை"ன்னு ஆரம்பிச்சு ஒரு நல்ல வரியில முடிச்சிருப்போம். தன் வீட்டுத் திண்ணையில யாரை உக்கார வெச்சாங்க, யாருக்கு எந்த டம்ளர்ல காபி கொடுத்தாங்கன்னு எழுதணும்னா, கேக்கிறவங்க மேல ஒரு நம்பிக்கை வேணும். அந்த நம்பிக்கை மேடையில கிடைக்காது, தெரிஞ்ச சில பேர் முன்னாடி பல வாரம் உக்காந்தாத்தான் கிடைக்கும். நம்ம ஹாஸ்டல்லயும் கிளாஸ்லயும் எழுதப்படாம இருக்கிற விஷயம் எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

எதிர்த் தரப்பையும் பேசிடலாம். முதல் வாதம்: "போட்டி இருந்தாத்தான் பசங்க வருவாங்க. விமர்சனம்னு சொன்னா பயந்து ஓடிடுவாங்க." இதுல உண்மை இருக்கு. முதல் தடவை படிக்கிறப்ப குரல் நடுங்குது. ஒரு தடவை வந்துட்டு மறுபடி வராதவங்களும் உண்டு. அதனாலதான் முதல் சுத்துல மனசுல நின்னதை மட்டும் சொல்லணும்னு விதி வெச்சிருக்கோம். முதல் மாசம் நீங்க படிக்கவே வேண்டாம், கேட்டுட்டுப் போனாப் போதும். போட்டியில தோத்தா அமைதியா தோக்கலாம், அது வசதிதான். ஆனா அந்த அமைதிதான் நிறையப் பேரை எழுத்தை விட்டே அனுப்பிச்சிருக்கு. "எனக்கு வராது"ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. யாரும் எதுவுமே சொல்லலை, அதுதான் பிரச்சினை.

ரெண்டாவது வாதம்: "பிளேஸ்மென்ட் நேரத்துல இது எதுக்கு?" இதுக்கு வழக்கமான பதில் ஒண்ணு இருக்கு. கம்யூனிகேஷன் ஸ்கில் வளரும், ரெஸ்யூமேல போடலாம், சுஜாதாவே எம்.ஐ.டி.யில எலெக்ட்ரானிக்ஸ் படிச்சு பி.இ.எல்.லில வேலை பார்த்தவர்தானே. அந்தப் பதிலை நான் சொல்ல மாட்டேன். நம்மள்ல யாரும் சுஜாதா ஆக வேண்டியதில்லை. வியாழக்கிழமை கதை படிச்சதுக்காக எந்த ஹெச்.ஆரும் பேக்கேஜை ஏத்தித் தரப் போறதில்லை.

எனக்குத் தெரிஞ்ச காரணம் வேற. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். உங்கள்ல நிறையப் பேரும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷம் எழுதினதெல்லாம் இங்கிலீஷ்ல: பிடித்த பண்டிகை, கோடை விடுமுறை, என் லட்சியம். தமிழ்ல எழுதினது மனப்பாடச் செய்யுளும் விடுமுறை விண்ணப்பமும். காலேஜ் முதல் வருஷம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ரெண்டு பேப்பர் வந்துச்சு, ஆளுக்கு ஒரு கிரெடிட். நடுகல்லும் தெரிஞ்சுது, சங்ககால இரும்பு உருக்கும் தெரிஞ்சுது. நல்ல விஷயம்தான். ஆனா நம்ம வீட்டுல நடக்கிற எதையும் நம்ம மொழியில எழுத யாரும் கேட்டதே இல்லை. வீட்டுல சண்டை தமிழ்லதான் நடக்குது. பாட்டி செத்தப்ப அழுதது தமிழ்லதான். கடன்காரர் போன் பண்றப்ப அப்பா குரல் மாறுறது தமிழ்லதான். எழுதணும்னு உக்காந்தா மட்டும் ஒண்ணு இங்கிலீஷ் வருது, இல்லைன்னா மேடைத் தமிழ் வருது. ரெண்டுலயும் நம்ம அப்பா இல்லை. நாலு வருஷம் கழிச்சு நாம பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போயிடுவோம். அதுக்கு முன்னாடி இதை எழுதலைன்னா எப்ப எழுதுவோம்?

ஸ்பெல்லிங் தெரியாதுன்னு தயங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வாய்விட்டுப் படிக்கிறப்ப ற, ர வித்தியாசம் யாருக்கும் தெரியாது. வட்டத்துல ஒருத்தர் போன்ல இங்கிலீஷ் எழுத்துல தமிழை டைப் பண்ணி வெச்சுத்தான் படிப்பார். அவர் எழுதின லேப் அசிஸ்டென்ட் கதையை நாங்க இன்னும் பேசிட்டு இருக்கோம். ஒற்று மிகுமா மிகாதான்னு ரெண்டாவது வரைவுல பார்த்துக்கலாம். முதல்ல சொல்ல ஒண்ணு இருக்கணும்.

அதனால நான் கேக்கறது மூணு விஷயம்.

ஒண்ணு, எழுத்து வட்டத்தைத் தனியா விடுங்க. எங்களுக்குப் பட்ஜெட் வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஃபேன் ஓடுற ஒரு ரூம் போதும். தமிழ் மன்றம் தாராளமா போட்டி நடத்தட்டும், நாங்களே வந்து நாற்காலி போடறோம்.

ரெண்டு, அறிக்கைதான் வேணும்னா வேற கணக்கு கேளுங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு கேக்காதீங்க. எத்தனை எழுத்து முதல் வரைவுல இருந்து ரெண்டாவது வரைவுக்குப் போச்சுன்னு கேளுங்க. அது எங்க நோட்டுல தேதியோட இருக்கு. புராஜெக்ட் ரிவ்யூவுக்கும் நீங்க அதைத்தானே கேக்கறீங்க? முதல் ரிவ்யூவுக்கும் ரெண்டாவது ரிவ்யூவுக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னு.

மூணு, இது ஜூனியர்ஸுக்கு. வட்டத்துக்குத் தொடர்ந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் ஃபைனல் இயர். ஏப்ரல்ல நாங்க கிளம்பிடுவோம். நிர்வாகம் சேர்த்தாலும் சேர்க்காட்டியும், ரெண்டாம் வருஷத்துல இருந்து நாலு பேர் வரலைன்னா வட்டம் தானாவே முடிஞ்சுடும். அதுக்கு நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது.

வர்ற வியாழக்கிழமை முதல் ட்ரிப் பஸ் போனதும் லைப்ரரிக்குப் பின்னால இருக்கிற டியூட்டோரியல் ரூமுக்கு வாங்க. ரெண்டு பக்கம் இருந்தா ரெண்டு பக்கம், அரைப் பக்கம் இருந்தா அரைப் பக்கம், ஒண்ணும் இல்லைன்னா சும்மா வாங்க. சோமனூர்க்காரர் தறிக் கதையோட மூணாவது வரைவைப் படிக்கறேன்னு சொல்லியிருக்கார்.